துணைப்படையும் தன்படையும்: மாக்கியவெல்லியின் 'இளவரசன்' குறித்து ஒரு நோக்கு

நூல்கள் சில, எழுதப்பட்ட காலத்தைவிடப் பிற்காலத்து நெருக்கடிகளின்போதே அதிகமாகப் பேசப்படுகின்றன. நிக்கொலோ மாக்கியவெல்லி 1513ஆம் ஆண்டளவில் எழுதி, அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின் 1532இல் அச்சேறிய 'இளவரசன்' அத்தகைய நூல்களுள் ஒன்று. சூழ்ச்சிக்கு இலக்கணம் வகுத்த நூல் என்றே நம்மவருட் பலர் அதனை அறிவர். அரசன் சிங்கமாகவும் நரியாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறும் பதினெட்டாம் அதிகாரம் எடுத்தாளப்படும் அளவுக்கு, படைகளைப் பற்றிய பன்னிரண்டாம், பதின்மூன்றாம் அதிகாரங்கள் எடுத்தாளப்படுவதில்லை. ஆயினும் இன்று மீண்டும் படிக்கப்பட வேண்டியவை இவ்விரு அதிகாரங்களே. 2025 யூன் மாதத்தில் ஹேக் நகரிற் கூடிய நேட்டோ நாடுகள், 2035ஆம் ஆண்டளவில் தத்தம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கைப் பாதுகாப்புக்கும் அதனைச் சார்ந்த செலவுகளுக்கும் ஒதுக்குவதென உடன்பட்டன. அப்பணத்துக்கு ஆயுதங்களை அமெரிக்காவிடம் வாங்குவதா, தாமே செய்துகொள்வதா என்பது ஐரோப்பாவிற் பெரு விவாதமாகியுள்ளது. மாக்கியவெல்லி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய வினாவும் அதுவே.

ஒரு நாடு தன் படைக்கலங்களுக்காக நேச நாடொன்றை நம்பியிருக்கலாமா? கூடாது என்பது மாக்கியவெல்லி ஐயத்துக்கு இடமின்றி இறுத்த விடை. அவ்விடையை அப்படியே ஏற்கலாமா, அன்றி அதில் ஏற்பனவும் தள்ளுவனவும் உளவா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்நூலை அரசியல் மாணவரின் பாடநூலாக மட்டும் விட்டுவிடாது இலக்கியமாகவும் படித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அதன் வாதங்கள் பெரும்பாலும் கதைகளைக் கொண்டே நடத்தப்படுகின்றன. எந்தக் கதை சொல்லப்பட்டது, எது சொல்லாமல் விடப்பட்டது என்று பார்க்கும்போதே ஆசிரியரின் நிலைப்பாடு முழுமையாகப் புலனாகும்.

மாக்கியவெல்லி படைகளை வகுக்கும் முறை தமிழ் மாணவருக்குப் புதியதன்று. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை ஆறாகப் பகுத்து, அவற்றுள் மூலப்படையையே சிறந்ததாகக் கொண்டார். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் ஏறத்தாழ இவ்வகுப்பையே கூறும். மாக்கியவெல்லி பேசுவனவும் இவற்றுட் சில: காசுக்காகப் போரிடும் கூலிப்படை, அயலரசன் அனுப்பும் துணைப்படை, நாட்டின் சொந்தப் படை. இன்னொரு பொருத்தமும் உண்டு. 'படை' என்னும் நம் சொல் சேனையையும் குறிக்கும், ஆயுதத்தையும் குறிக்கும். மாக்கியவெல்லி வழங்கிய 'ஆர்மே' என்னும் இத்தாலியச் சொல்லும் அவ்வாறே இருபொருள் தருவது. ஆகவே, அயலாரின் வீரரைப் பற்றி அவர் சொன்னதை அயலாரின் விமானத்துக்கும் பீரங்கிக்கும் பொருத்திப் பார்ப்பது வலிந்து பொருள் கொள்வதாகாது.

அவரது வாதம் இது. கூலிப்படையைக் காட்டிலும் துணைப்படையே ஆபத்து மிக்கது. கூலிப்படை கோழைத்தனத்தாற் கெடுக்கும். துணைப்படையோ தன் வீரத்தாலேயே கெடுக்கும். அது ஒன்றுபட்ட படை. ஆனால் அதன் கீழ்ப்படிவு வேறொருவனுக்கு உரியது. அது தோற்றால் அழைத்தவன் அழிவான். வென்றால் அழைத்தவன் அதன் கைதியாவான். இதனை நிறுவ அவர் அடுக்கும் சான்றுகளுள் மூன்று நம் கவனத்துக்குரியன. 1500ஆம் ஆண்டிற் பீசா நகரை மீட்கப் பிரெஞ்சு மன்னனின் படையை வரவழைத்த புளோரன்ஸ் நகரம், தன் வரலாற்றில் முன் என்றும் காணாத இடருக்கு உள்ளாயிற்று. அண்டை அரசரை எதிர்க்கத் துருக்கியரைக் கிரேக்க நாட்டுக்கு அழைத்தான் கொன்ஸ்தாந்திநோப்பிள் பேரரசன். போர் முடிந்த பின்னும் அத்துருக்கியர் திரும்பிச் செல்லவில்லை. மூன்றாவது, விவிலியக் கதை. கோலியாத்தை எதிர்க்கச் சென்ற தாவீதுக்குச் சவுல் மன்னன் தன் கவசத்தை அணிவித்தான். அதனைப் போட்டுப் பார்த்த இளைஞன், தனக்குப் பழக்கமற்றதென்று கழற்றி வைத்துவிட்டுக் கவணோடு களம் புகுந்தான். பிறர் கவசம் நம் உடலுக்குப் பொருந்தாது என்பது இக்கதையிலிருந்து மாக்கியவெல்லி பெறும் பாடம்.

இவ்வாதத்தின் பெருமை எங்குள்ளது? நட்பு என்ற சொல்லின் மேலிருந்த மெருகை அவர் துடைத்தெடுத்தார். அதுவரை அறநூலாரும் சமயவாணரும் நட்பை ஒரு பண்பாகவே பேசிவந்தனர். படைக்கலம் கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையிலுள்ளது ஓர் அதிகார உறவு என்று வெளிப்படையாக எழுதியவர் மாக்கியவெல்லி. கொடுப்பவன் நல்லவனா தீயவனா என்று அவர் கேட்கவில்லை. படையின் கடிவாளம் எவன் கையில் என்று மட்டுமே கேட்டார். 1498 முதல் 1512 வரை புளோரன்ஸ் குடியரசின் செயலாளராயிருந்து, பீசாவின் வாயிலில் பிரெஞ்சுத் துணைப்படை செய்த குழப்பங்களைக் கண்ணாற் கண்டவர் அவர். ஆதலின் அவர் வசனத்தில் ஏட்டறிவின் தளர்ச்சி இல்லை.

இக்கருத்து நம் காலத்துக்கும் பொருந்துமா? துணைப்படைக்கு உதாரணமாக அவர் காட்டிய அதே துருக்கியரின் நாடு, இருபதாம் நூற்றாண்டில் அந்த உறவின் மறுமுனையில், பெறுபவன் இடத்தில், வந்து நின்றது. ஆதலின் அந்நாட்டின் வரலாற்றையே உரைகல்லாகக் கொள்வோம்.

1947 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கிரீசுக்கும் துருக்கிக்கும் உதவி வழங்கப்போவதாக அறிவித்தார். அவ்வாண்டு யூலையில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கொடுக்கப்படும் படைக்கலங்களை, கொடுக்கப்பட்ட நோக்கத்துக்கன்றி வேறெதற்கும் அமெரிக்காவின் இசைவின்றிப் பயன்படுத்தலாகாது என்பது அதன் நான்காம் பிரிவு. 1950இல் துருக்கி கொரியப் போருக்குத் தன் படையை அனுப்பிற்று. 1952இல் நேட்டோவில் உறுப்பு நாடாயிற்று. அமெரிக்க விமானங்கள் உதவியாக வந்திறங்கின. அங்காராவுக்கு அருகே எதிமெஸ்குத்தில் 1941இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை 1952இற் கைமாறி, பின்னர் விமானம் செய்யும் தொழிலையே கைவிட்டது. அதனோடு தொடர்புடைய விமான எஞ்சின் தொழிற்சாலை 1954இல் உழவு இயந்திரத் தொழிற்சாலையாக மாறிற்று. போர் விமானம் போய் உழவு இயந்திரம் வந்ததற்காக நாம் கண்ணீர் விடவில்லை. அம்மாற்றம் உழவனின் தேவையை எண்ணிச் செய்யப்பட்டதா, இலவசமாக வந்த விமானங்களின் முன் உள்ளூர்ப் பட்டறை நிற்க முடியாமற் செய்யப்பட்டதா என்பதே வினா.

ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு பதினேழு ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. சைப்பிரஸ் தீவில் கிரேக்க, துருக்கிய இனத்தவரிடையே 1963 இறுதியில் மூண்ட கலவரங்களைத் தொடர்ந்து, அத்தீவிற் படையிறக்கத் துருக்கி முற்பட்டது. 1964 யூன் 5ஆம் நாள் ஜனாதிபதி யோன்சன், பிரதமர் இஸ்மத் இனொனுவுக்கு ஒரு கடிதம் விடுத்தார். அமெரிக்கா அளித்த ஆயுதங்களை இக்காரியத்துக்குப் பயன்படுத்த இசைவு இல்லை. துருக்கியின் செயலால் சோவியத் யூனியன் தலையிட நேர்ந்தால், நேட்டோ நாடுகள் துணைக்கு வரக் கடமைப்பட்டனவா என்பதும் உறுதியில்லை. இதுவே கடிதத்தின் சாரம். படையிறக்கம் கைவிடப்பட்டது. 1966 ஜனவரியில் அக்கடிதம் பத்திரிகையில் வெளியானபோது துருக்கிய மக்கள் அடைந்த அதிர்ச்சி பெரிது. தங்கள் படை தங்களுடையதன்று என்று அவர்கள் அறிந்த நாள் அது.

பத்தாண்டுகளின் பின், 1974 யூலையில், கிரேக்க இராணுவ ஆட்சியின் தூண்டுதலாற் சைப்பிரசில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. துருக்கி படையிறக்கித் தீவின் வடபகுதியைக் கைப்பற்றிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் விதித்த ஆயுதத் தடை 1975 பெப்ரவரி 5இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு யூலையில் துருக்கி தன் மண்ணிலிருந்த அமெரிக்கத் தளங்களின் செயற்பாட்டை நிறுத்திற்று. ஒக்டோபரில் தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. முற்றாக நீங்கியது 1978இல். இடைப்பட்ட காலத்தில் உதிரிப்பாகங்கள் இன்றி விமானங்கள் பல தரையில் நின்றன.

உதிரிப்பாகம் என்ற சொல்லை எழுதும்போது புறநானூற்றின் 95ஆம் பாட்டு நம் நினைவுக்கு வருகின்றது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு, அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் வைத்திருந்த அவன் ஆயுதங்களைக் கண்ட புலவர், தம் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சிறு பட்டறையிற் கிடக்கின்றன என்றார். இப்பாட்டை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறையிற் சொல்லிக் கொடுத்து மேலே செல்வது நம் வழக்கம். அதிலுள்ள பொருளியல் உண்மையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பயன்பட்ட ஆயுதம் முறியும். முறிந்தது பட்டறைக்குப் போகும். ஆகவே படையின் வலிமை கொட்டிலிலன்றிப் பட்டறையிலேயே உள்ளது. அதியமானின் கொல்லன் அதியமானின் நாட்டிலேயே இருந்தான். 1975இல் துருக்கியின் விமானம் துருக்கியில் இருந்தது. அதன் கொல்லன் அமெரிக்காவில் இருந்தான். அவன் உலையை மூடியதும் கொட்டில் முழுவதும் தொண்டைமானின் கொட்டிலாயிற்று.

இதுவரை மாக்கியவெல்லி கூறியது சரியென்றே கொள்ள வேண்டும். நேச நாட்டின் ஆயுதத்தை வாங்குபவன், போரும் சமாதானமும் பற்றிய தன் முடிவையும் ஓரளவு ஈடு வைக்கின்றான். ஈடு வைத்த பொருள் கடன் கொடுத்தவனுக்குத் தேவைப்படும் நாள்வரை அது ஈடு என்பதே தெரியாதிருக்கும். துருக்கிக்கு அந்த நாள் பதினேழு ஆண்டுகள் கழித்து வந்தது.

ஆனால் இங்கேயே ஒரு முரண்பாடும் எழுகின்றது. 1964இல் அயலான் கடிவாளத்தை இழுத்ததால் ஒரு போர் தவிர்க்கப்பட்டது என்பதும் உண்மையே. அமெரிக்கா அதனைச் செய்தது சைப்பிரஸ் மக்கள்மீது கொண்ட அன்பினாலன்று. தன் இரு நேச நாடுகள் ஒன்றையொன்று தாக்கித் தன் அணி உடையும் என்ற அச்சத்தால். எனினும் அவ்வாண்டு சாகாமல் தப்பிய கிரேக்க உழவனையும் துருக்கிய உழவனையும் நாம் கணக்கில் எடுக்காமல் விட முடியாது. தன் கையிலுள்ள ஆயுதம் முற்றிலும் தனதாயிருப்பது நன்மைதான் என்றால், அது யாருக்கு நன்மை? மாக்கியவெல்லியின் நூலில் இக்கேள்விக்கு இடமில்லை. அங்கே 'தன்' என்ற சொல் இளவரசனையே குறிக்கின்றது.

இக்கேள்வியைத் துருக்கியின் பிற்கால வரலாறு இன்னும் கூர்மையாக்குகின்றது. தடைக்காலத்திற் கற்ற பாடத்தால் அந்நாடு சொந்தப் பட்டறைகளை எழுப்பத் தொடங்கிற்று. அசெல்சான் என்னும் மின்னணுப் படைக்கல நிறுவனம் 1975இல் தோன்றிற்று. 1980களில் எஃப்-16 போர் விமானங்கள் அமெரிக்கக் கூட்டோடு துருக்கியிலேயே பொருத்தப்படலாயின. இதே காலத்தில் நாட்டினுள் நடந்தது என்ன? 1980 செப்டெம்பர் 12ஆம் நாள் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கட்சிகள் கலைக்கப்பட்டன, தொழிற்சங்கங்கள் முடக்கப்பட்டன, இலட்சக்கணக்கானோர் சிறைப்பிடிக்கப்பட்டனர். 1990களில் நாட்டின் தென்கிழக்கே ஆயிரக்கணக்கான குர்திய ஊர்கள் வெறுமையாக்கப்பட்டன. 2011 டிசம்பரில் ஈராக் எல்லையோரத்தில் துருக்கிய எஃப்-16 விமானங்கள் வீசிய குண்டுகளுக்கு 34 ஊரவர் பலியாயினர். அந்த ஊரவருக்கு, குண்டு வீசிய விமானத்தின் திருகாணி அங்காராவில் முடுக்கப்பட்டதா அமெரிக்காவில் முடுக்கப்பட்டதா என்பதால் என்ன வேறுபாடு? அது சொந்தப் படையென்று அரசு பெருமை கொண்டது. அவர்களுக்கோ அது எக்காலத்திலும் சொந்தப் படையாக இருந்ததில்லை.

இவ்விடத்தில், மாக்கியவெல்லி சொல்லாமல் விட்ட கதைக்குத் திரும்புவோம். சொந்தப் படையை அவர் ஏட்டில் மட்டும் போற்றியவரல்லர்; நடைமுறையிலும் கட்டியெழுப்பினார். 1506ஆம் ஆண்டு புளோரன்ஸ் குடியரசு அவரது முயற்சியால் ஒரு குடிப்படையைச் சட்டமாக அமைத்தது. முகெல்லோ, கசென்தீனோ முதலிய நாட்டுப்புறப் பகுதிகளில் அவரே ஊரூராகச் சென்று உழவரைத் திரட்டினார். 1509இற் பீசா மீண்டும் புளோரன்சின் வசமானபோது அப்படையும் பங்கு கொண்டிருந்தது. ஆனால் 1512 ஆகஸ்டில் ஸ்பானியப் படை பிராட்டோ நகரத்தைத் தாக்கியபோது, அதனைக் காத்துநின்ற குடிப்படை சிதறி ஓடிற்று. நகரம் சூறையாடப்பட்டது; மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். புளோரன்ஸ் குடியரசு வீழ்ந்து மெடிச்சி குடும்பத்தார் மீண்டும் ஆட்சிக்கு வந்தனர். மாக்கியவெல்லி பதவி இழந்து, சிறையில் வதைபட்டு, பின் தம் சிற்றூர்ப் பண்ணையில் ஒதுங்கியிருந்து எழுதியதே 'இளவரசன்'. சொந்தப் படையின் சிறப்பைப் பாடும் அவ்விரு அதிகாரங்களிற் பிராட்டோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

போர்ப் பயிற்சிக் குறைவையும் தளபதிகளின் தவறுகளையும் அத்தோல்விக்குக் காரணங்களாகக் கூறலாம். அவற்றோடு இன்னொரு காரணமும் உண்டென்பது நம் கருத்து. அப்படையின் வீரர் நாட்டுப்புற உழவர். புளோரன்சின் மன்றத்தில் அவர்களுக்கு இடமில்லை, வாக்கும் இல்லை. அவர்கள் குடியரசின் குடிகளாயினும் குடியுரிமையாளர் ஆகார். நகரத்தாரின் கையில் ஆயுதம் கொடுக்க ஆளும் செல்வர் அஞ்சினர்; அடங்கிக் கிடந்த சிறு நகரங்களுக்குக் கொடுத்தால் அவை கிளர்ந்தெழும் என்று அஞ்சினர். எஞ்சியவர் உழவரே. அவர்கள் கையில் ஈட்டியைக் கொடுத்த குடியரசு, அது காக்கவேண்டிய உரிமைகளில் எதனையும் கொடுக்கவில்லை. பரிமேலழகர் போற்றும் மூலப்படை தலைமுறை தலைமுறையாக அரசனோடு பிணைப்புண்டது. அப்பிணைப்பே அதன் வலிமை. முகெல்லோவின் உழவனைப் புளோரன்சோடு பிணைத்தது எது? சொந்த நாட்டவனாயிருந்தும் அவன் அந்நகரத்துக்குத் துணைப்படையே. பிறர் வீட்டுக்குக் காவல் நின்றவன். இதனைக் காண மாக்கியவெல்லியின் வர்க்கப் பார்வை அவருக்கு இடம் தரவில்லை.

மாக்கியவெல்லி காணாததைத் துருக்கியின் கவிஞர் ஒருவர் கண்டார். 1938இல், அவருடைய கவிதைகளைப் படித்த படை மாணவரைக் கிளர்ச்சிக்குத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டிற் சிறையிடப்பட்டு, 1950இல் விடுதலையாகி, மறு ஆண்டு நாட்டைவிட்டு வெளியேறி, குடியுரிமையும் பறிக்கப்பட்ட நாசிம் ஹிக்மத் அவர். கொரியப் போரை அடுத்து, துருக்கியப் படைவீரன் ஒருவனுக்கு ஆகும் செலவு 23 சதமே என்று அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் டலஸ் கூறியதாகப் பேசப்பட்ட கணக்கை எடுத்து, அந்த 23 சதப் படைவீரனைப் பற்றி ஹிக்மத் ஒரு கவிதை எழுதினார். ஆயுதத்தின் விலையைப் பேசுவோர் நடுவே அவர் மனிதனின் விலையைப் பேசினார். அவன் ஏன் இத்தனை மலிவு? அவன் நாடு ஏழை, அவன் பசித்தவன், அவனை அனுப்பும்போது அவனை யாரும் கேட்கவில்லை. இந்த மலிவான வீரன் நாளை விலைமிக்கவன் ஆகக்கூடும் என்ற எச்சரிக்கையும் அக்கவிதையில் உண்டு. நேச நாடு ஆயுதம் தரும்போது பெறுபவன் என்ன தருகின்றான் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நாம் கண்டதில்லை. துப்பாக்கி மேற்கிலிருந்து வந்தது. அதனைப் பிடித்த கரம் அனத்தோலிய உழவனுடையது. அக்கரத்தைக் கொடுத்தவர் அதற்குரியவர் அல்லர்.

நம் வாதத்துக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். வியட்நாம் மக்கள் சோவியத், சீன ஆயுதங்களைக் கொண்டன்றோ போரிட்டனர்? அவர்கள் வென்றார்களே, இரவல் ஆயுதம் அவர்களை அடிமைப்படுத்திற்றா? இம்மறுப்பு வலுவுடையது. இதனை எதிர்கொள்ளாத எவருக்கும் மாக்கியவெல்லியைப் போற்றவோ தூற்றவோ உரிமையில்லை. அதே போரில் இரு தரப்பாரும் நேச நாடுகளின் ஆயுதங்களையே ஏந்தினர். தென் வியட்நாமிய அரசின் படையிடம் அமெரிக்க விமானங்களும் கவச வாகனங்களும் மலிந்திருந்தன. 1974இல் அமெரிக்கக் காங்கிரஸ் உதவியைக் குறைத்தது. 1975 ஏப்ரல் 30இற் சாய்கோன் வீழ்ந்தது. ஒரு தரப்புக்கு இரவல் ஆயுதம் கருவியாயிருந்தது. மறு தரப்புக்கு அதுவே முதுகெலும்பாயிருந்தது. இவ்வேறுபாட்டை ஆயுதம் செய்த இடம் தீர்மானிக்கவில்லை. நிலமற்ற உழவன் எந்தத் தரப்பைத் தன் தரப்பென்று எண்ணினான் என்பது தீர்மானித்தது.

எனினும் அந்த வெற்றிப் பக்கத்திலும் ஈடு வைக்கப்படாமல் இல்லை. 1954 மே மாதத்தில் தியென் பியென் பூவிற் பிரெஞ்சுப் படையை முறியடித்த வியட்நாமியர், இரு மாதங்களுக்குப் பின் ஜெனீவாவில் பதினேழாம் அகலக்கோட்டில் தம் நாடு பிரிக்கப்படுவதற்கு இசைய நேர்ந்தது. அவ்விசைவுக்கு அவர்களை நெருக்கியவர்களுள் ஆயுதம் கொடுத்த நேச நாடுகளும் அடங்கும். களத்தில் வென்றதன் ஒரு பகுதியை மேசையில் இழந்தனர். நாடு ஒன்றுபட மேலும் இருபத்தோராண்டுகள் இரத்தம் சிந்தவேண்டியதாயிற்று. முற்போக்கு நாடுகளின் நட்பாயினும் படைக்கலம் வழியே வரும்போது விலையின்றி வருவதில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அண்மைச் சான்று உக்ரேன். 2022 பெப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது அந்நாட்டுக்கு அயல் ஆயுதங்கள் தேவைப்பட்டன. வீடு எரியும்போது எவன் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்பவன் இல்லை. 2025 மார்ச்சில், இரு ஜனாதிபதிகளின் வாக்குவாதத்துக்குப் பின், அமெரிக்கா ஆயுத அனுப்புகையையும் உளவுத் தகவல்களையும் சில நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. ஐரோப்பிய நாடுகள் சொந்தப் பட்டறைகளைப் பற்றிப் பதற்றத்தோடு பேசத் தொடங்கியதற்கு அச்சில நாட்கள் ஒரு பெருங் காரணம். துருக்கியர் 1966இல் ஒரு கடிதத்தைப் படித்து அறிந்ததை அவர்கள் 2025இல் அறிந்தனர்.

அவ்வாறாயின் சொந்தப் பட்டறையே முடிவான தீர்வா? மீண்டும் துருக்கியைப் பார்ப்போம். 2019இல் ரஷ்யாவிடம் எஸ்-400 ஏவுகணைகளை வாங்கியதற்காக, தான் பங்காளியாயிருந்து உறுப்புகள் செய்து கொடுத்த எஃப்-35 விமானத் திட்டத்திலிருந்தே அது வெளியேற்றப்பட்டது. 2018இற் பாகிஸ்தானுக்கு முப்பது ஹெலிகொப்டர்களை விற்க அது செய்த ஒப்பந்தம், எஞ்சின் அமெரிக்கத் தொடர்புடையது என்பதால் ஏற்றுமதி அனுமதி கிடைக்காமற் கைவிடப்பட்டது. சொந்த விமானம் என்று போற்றப்படும் 'கான்' 2024 பெப்ரவரியில் முதன்முறை பறந்தது, அமெரிக்க எஞ்சின்களின் வலுவில். இக்காலத்துப் படைக்கலம் ஒரு கொல்லனின் உலையில் உருவாவதில்லை. பல நாடுகளின் தொழிற்சாலைகள் சேர்ந்து செய்யும் பொருள் அது. முழுமையான தன்னிறைவு என்பது வல்லரசுகளுக்கே அரிது. சிறு நாட்டுக்கு அது கனவு.

இன்னொன்றும் நிகழ்கின்றது. பட்டறை பெருகியதும் அதற்குச் சந்தை தேவைப்படுகின்றது. துருக்கியின் ஆளில்லா விமானங்கள் இன்று பல நாடுகளுக்கு விற்கப்படுகின்றன. 2022 ஜனவரியில் எத்தியோப்பியாவின் திக்ரேயில், தெதெபிட் என்ற இடத்தில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பள்ளிக்கூடம் வானிலிருந்து தாக்கப்பட்டு ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே கிடந்த சிதறல்கள் துருக்கியிற் செய்யப்பட்ட குண்டினுடையவை என்று மனித உரிமை ஆய்வாளர் கண்டனர். பிறர் கடிவாளத்தால் அவமானமுற்ற நாடு, கடிவாளம் விற்கும் நாடாயிற்று. மாக்கியவெல்லியின் இளவரசன் இதனை வெற்றி என்பான். நம்மால் அவ்வாறு சொல்ல முடியவில்லை.

ஆகவே நம் முடிவைத் தெளிவாகக் கூறுவோம். போர் செய்வதா விடுவதா என்ற முடிவைப் பிறர் கையிலுள்ள உதிரிப்பாகப் பெட்டியோடு பிணைத்துக்கொள்ளும் நாடு, கொடியும் கீதமும் உடையதாயினும் முழு விடுதலை பெற்றதன்று. நெருக்கடியில் வேறு வழியின்றி அயல் ஆயுதம் பெற நேரின், அது கடன் என்பதை அரசு மக்களுக்கு மறைக்காது சொல்ல வேண்டும். 1947இன் நான்காம் பிரிவு போன்ற நிபந்தனைகளைப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் பத்திரிகையிற் படித்து அறியும் நிலையில் எந்த மக்களும் இருத்தலாகாது. இதுவரை நாம் மாக்கியவெல்லியோடு சேர்ந்து நடக்கலாம்.

அதற்கு மேல் அவரை விட்டுப் பிரிய வேண்டும். ஆயுதம் செய்யும் உலை நம் மண்ணில் இருப்பதாற் படை நம்முடையதாகிவிடாது. அப்படையின் செலவு எவன் உணவிலிருந்து எடுக்கப்படுகின்றது, அதன் குழல் எப்பக்கம் திரும்பும் என்பதைத் தீர்மானிப்போர் யாவர், ஏந்துபவனுக்குத் தான் காக்கும் நாட்டில் என்ன பங்கு உண்டு என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரே 'தன்படை' என்ற சொல் பொருள் பெறும். முகெல்லோவின் உழவனுக்கு ஈட்டியோடு மன்றத்தில் ஓர் இருக்கையும் கொடுத்திருந்தாற் பிராட்டோவின் மதில் நின்றிருக்குமா என்பதை வரலாறு சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த இருக்கையைக் கொடுக்க அஞ்சிய குடியரசு தன் படையை எண்ணி அஞ்சியபடியே வாழ்ந்தது என்பதையும், பகைவன் வந்த நாளில் அது தனித்து நின்றது என்பதையும் வரலாறு சொல்லியிருக்கின்றது. சொந்தப் பட்டறைகளைப் பற்றி இன்று உரத்துப் பேசும் அரசுகள், 'இளவரசன்' நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தோடு, அதன் ஆசிரியர் எழுதாமல் விட்ட பிராட்டோவின் அதிகாரத்தையும் சேர்த்துப் படிப்பது நன்று.